மீட்பு: அடகுக் கடையிலும் தேவாலயத்திலும் ஒலிக்கும் ஒரே சொல்

கெப்பாலா பத்தாஸ்: "வைத்த சங்கிலியை மீட்டாச்சா?" என்ற கேள்வி மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், மருத்துவம் என்று கையில் பணம் முடையாகும்போது சங்கிலியோ வளையலோ அடகுக் கடைக்குப் போகிறது. பதிலுக்கு ஒரு சீட்டு வருகிறது. 1972ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டம் நகையை மீட்க ஆறு மாதத் தவணை தருகிறது. அதற்குள் அசலையும் வட்டியையும் கட்டினால் நகை வீடு திரும்பும். கட்டாவிட்டால் கைவிட்டுப் போகும்.

அதே சொல் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயங்களிலும் ஒலிக்கிறது. கத்தோலிக்கத் தமிழர் இயேசுவை 'மீட்பர்' என்கிறார்கள். மற்ற சபையினர் 'இரட்சகர்' என்றும் 'மீட்பர்' என்றும் சொல்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத வாசகர்கள் பலரும் இதை 'காப்பாற்றுபவர்' என்ற பொதுப் பொருளில் எடுத்துக்கொள்வதுண்டு. கிறிஸ்தவர்களிலேயே பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வேதாகமத்தில் இந்தச் சொல் தொடங்கிய இடம் அடகுக் கடைக்கு மிக அருகில்தான் இருக்கிறது. கடன், நிலம், கொத்தடிமை, உறவினர் கடமை ஆகிய நான்கையும் சுற்றித்தான் அது வளர்ந்தது.

தமிழிலும் அந்தச் சொல்லுக்கு நல்ல வேர் உண்டு. 'மீள்' என்றால் தானாகத் திரும்பி வருவது; 'மீட்டல்' என்றால் இன்னொருவர் திரும்பி வரச் செய்வது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையைப் போராடித் திரும்பக் கொண்டுவருவதைப் பழந்தமிழ்ப் புறப்பொருள் இலக்கணம் கரந்தை என்று தனியாக வகுத்துச் சொல்கிறது. அப்படி மாடுகளை மீட்கப் போய் உயிரிழந்தவனுக்கு ஊரார் நடுகல் நட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் இத்தகைய வீரர்களைக் காணலாம். மீட்கப் போனவன் அதற்காகவே மாண்டான் என்ற எண்ணம், வேதாகமம் தமிழுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ் மண்ணில் இருந்திருக்கிறது.

உறவினர் செய்ய வேண்டிய கடமை

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியில் மீட்புக்கு இரண்டு முக்கியமான வினைச்சொற்கள் உள்ளன. ஒன்று 'காஅல்', மற்றது 'பாதா'. 'பாதா' என்பது விலை கொடுத்து விடுவிப்பது. அந்த விலையை யாரும் கொடுக்கலாம். 'காஅல்' அப்படியல்ல. அது நெருங்கிய உறவினர் செய்தே ஆகவேண்டிய கடமை. அதைச் செய்பவருக்கு 'கோஏல்' என்று பெயர்.

இந்தக் கடமையின் சட்ட வடிவம் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவன் வறுமையால் தன் நிலத்தை விற்றுவிட்டால் அவனுடைய நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்க வேண்டும். உறவினன் இல்லாவிட்டால், பிறகு வசதி வரும்போது அவனே மீட்டுக்கொள்ளலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் 50ஆம் ஆண்டில் வரும் யூபிலி ஆண்டில் நிலம் தானாகவே பழைய குடும்பத்துக்குத் திரும்பிவிடும். நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் தங்கிப்போகிறவர்கள், எனவே அதை நிரந்தரமாக விற்க முடியாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

சட்டம் மிக நுணுக்கமானது. மதில் சூழ்ந்த நகரத்தில் உள்ள வீட்டை விற்றால் ஓராண்டுக்குள் மீட்க வேண்டும். தவறினால் யூபிலியிலும் அது திரும்பாது. மதில் இல்லாத கிராமத்து வீடு வயலைப் போலவே கருதப்படும், ஆகவே யூபிலியில் திரும்பும். விவசாயக் குடும்பத்தின் வாழ்வாதாரத்துக்குப் பாதுகாப்பு. நகரச் சொத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

கடனுக்காகத் தன்னையே விற்றுக்கொண்டவனைப் பற்றிய பகுதி இன்னும் முக்கியமானது. வசதியுள்ள அந்நியனிடம் ஒருவன் தன்னை விற்றுவிட்டால் அண்ணன், தம்பி, சிற்றப்பன், சிற்றப்பன் மகன் என்று வரிசையாக யார் வேண்டுமானாலும் அவனை மீட்கலாம். விலையைக் கணக்கிடும் முறையும் எழுதப்பட்டிருக்கிறது. யூபிலிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் என்று பார்த்து, கூலிக்காரனுக்குரிய விகிதத்தில் கணக்கிட வேண்டும். ஆண்டுகள் குறையக் குறைய விலையும் குறையும். உழைத்த ஒவ்வோர் ஆண்டும் கடனில் கழிகிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த அதிகாரத்தில் நிலத்துக்குப் பயன்படுத்திய சொல்லைக் கவனிக்க வேண்டும்: 'காணியாட்சி'. தமிழக ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வந்த நில உரிமையைக் குறிக்கும் சொல் அது. தஞ்சை வட்டாரத்தில் காணி உள்ளவன் யார், இல்லாதவன் யார் என்பதைப் பொறுத்தே ஒருவனுடைய ஊர் வாழ்க்கை அமைந்தது. அங்கிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் காணி இல்லாதவர்களே.

போவாஸ் செருப்பைப் பெற்றுக்கொண்ட கதை

சட்டம் எப்படி நடந்தது என்பதைக் காட்டும் கதை ரூத் புத்தகம். பஞ்சம் பிழைக்க பெத்லகேமை விட்டு மோவாப் நாட்டுக்குப் போன ஒரு குடும்பத்தில் ஆண்கள் மூவரும் இறந்துவிடுகிறார்கள். விதவையான நகோமி, மோவாபிய மருமகள் ரூத்துடன் வெறுங்கையாகத் திரும்புகிறாள். ரூத் அறுவடை வயலில் கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றுகிறாள். வயலின் உரிமையாளரான போவாஸ் அவர்களுக்கு உறவினர்.

ஆனால் போவாஸைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார். போவாஸ் ஊர் வாசலில் பத்துப் பெரியவர்களை உட்கார வைத்து அவரிடம் கேட்கிறார். நிலத்தை மீட்கச் சம்மதம் என்கிறார் அவர். நிலத்தோடு ரூத்தையும் ஏற்க வேண்டும், இறந்தவனின் பெயருக்கு வாரிசு உண்டாக்க வேண்டும் என்றதும் பின்வாங்குகிறார். தன் சொத்துக்குச் சேதம் வரும் என்பது அவர் சொன்ன காரணம். உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு அடையாளமாகத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுக்கிறார். இறந்தவனின் பெயரைக் காப்பாற்றும் இந்தக் கதையில், தன் சொத்தைக் காப்பாற்றிக்கொண்ட அவருடைய பெயர் சொல்லப்படவே இல்லை.

போவாஸ், ரூத் தம்பதியின் மகன் ஓபேத், தாவீது அரசனின் பாட்டன். மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் இயேசுவின் வம்ச வரலாற்றில் அந்நியப் பெண்ணான ரூத்தின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது.

இங்கே தமிழ் வாசகர் தவறவிடக்கூடிய ஒன்று உண்டு. 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பையே சீர்திருத்த சபைத் தமிழர் பெரும்பாலோர் இன்றும் வாசிக்கிறார்கள். அதில் போவாஸ் 'சுதந்தரவாளி' எனப்படுகிறார். இன்று சுதந்தரம் என்றால் விடுதலை. அன்றைய தமிழில் அது உரிமைச் சொத்தைக் குறித்தது. யோபு தன் துன்பத்தின் நடுவில் நம்பிக்கையோடு குறிப்பிடுபவர் அதே மொழிபெயர்ப்பில் 'மீட்பர்' ஆகிறார். கொலையுண்ட உறவினனுக்காகப் பழி தீர்ப்பவன் எண்ணாகமத்தில் வேறு சொல்லால் குறிக்கப்படுகிறான். மூலத்தில் மூன்றுமே 'கோஏல்' என்ற ஒரே சொல். யோபு வானத்தை நோக்கித் தேடியது, ரூத்துக்குப் போவாஸ் இருந்ததுபோலத் தனக்காக வழக்கில் எழுந்து நிற்கும் ஓர் உறவினரை என்பது தமிழில் எளிதில் புலப்படாது. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. சட்டக் கடமை, இரத்த உறவு, விடுதலை மூன்றையும் ஒன்றாகச் சுமக்கும் சொல் தமிழில் கிடைப்பது கடினம்.

பார்வோனுக்குப் பணம் கொடுக்கப்படவில்லை

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் விடுதலையான நிகழ்வை யாத்திராகமம் இதே உறவினர் சொல்லால்தான் சொல்கிறது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் அந்த நூலுக்கு 'விடுதலைப் பயணம்' என்று பெயர். கடவுளே அந்த மக்களின் நெருங்கிய உறவினராக வருகிறார் என்பதுதான் அதன் உட்பொருள். ஆனால் பார்வோனுக்கு ஒரு காசும் கொடுக்கப்படவில்லை. அவனுக்கு அந்த மக்கள் மீது நியாயமான உரிமை இருந்ததாக நூல் ஒப்புக்கொள்ளவில்லை. மீட்பு என்றால் எப்போதும் விலை கொடுப்பது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இதுவே சான்று. இன்றளவும் யூதர்கள் பஸ்கா விருந்தில் இந்த விடுதலையைத் தங்கள் சொந்த அனுபவமாகவே நினைவுகூர்கிறார்கள்.

இந்தக் கதைக்கு இருக்கும் வலிமையை அடிமை முதலாளிகள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த ஆப்பிரிக்க அடிமைகளுக்காக 1807இல் லண்டனில் ஒரு சுருக்கப்பட்ட வேதாகமம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் இல்லை. எகிப்திலிருந்து மக்கள் வெளியேறிய வரலாறும் நீக்கப்பட்டிருந்தது. ஆத்ம மீட்பு இருக்கட்டும், மற்ற மீட்பு வேண்டாம் என்பதே அந்தப் பதிப்பின் கணக்கு.

விடுதலைக்குப் பிறகு விலைக் கணக்கு வேறு வடிவில் வருகிறது. எகிப்தின் தலைப்பிள்ளைகள் இறந்த இரவில் இஸ்ரவேலின் தலைப்பிள்ளைகள் தப்பினார்கள். ஆகவே அவர்கள் கடவுளுக்கு உரியவர்கள், அவர்களை மீட்க வேண்டும். எண்ணாகமம் இதை ஒரு கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு எழுதுகிறது. தலைப்பிள்ளைகள் 22,273 பேர். அவர்களுக்கு ஈடாக நின்ற லேவியர் 22,000 பேர். மிச்சம் 273 பேருக்குத் தலைக்கு ஐந்து சேக்கல் வீதம் 1,365 சேக்கல் வெள்ளி வசூலிக்கப்பட்டது.

அதே எண்ணாகமம் இன்னோர் இடத்தில் கதவை அடைக்கிறது. கொலைகாரனின் உயிருக்குப் பதிலாகப் பணம் வாங்கக் கூடாது. 49ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பணக்காரன் எவ்வளவு கொடுத்தாலும் தன் சகோதரனைச் சாவிலிருந்து மீட்க முடியாது. அந்த விலை மனிதனுக்கு எட்டாதது. நிலத்தை மீட்கலாம், ஆளை மீட்கலாம், சாவை மட்டும் மீட்க முடியாது என்ற இந்த இடைவெளியில்தான் பின்னாளில் புதிய ஏற்பாடு வந்து நிற்கிறது.

முற்றுகைக்கு நடுவே ஒரு நிலப் பத்திரம்

தீர்க்கதரிசிகளின் நூல்களில் மீட்பைப் பற்றிய அழகான சொற்பொழிவுகள் பல உண்டு. ஆனால் எரேமியா 32ஆம் அதிகாரத்தில் சொல்லப்படும் ஒரு நில வியாபாரம் அவற்றைவிட மனத்தில் நிற்கும்.

பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது அவருடைய சிற்றப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள என் வயலை வாங்கிக்கொள்ளும், மீட்கும் உரிமை உம்முடையது என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு அருகில் உள்ள ஊர். படையெடுத்து வந்தவர்களின் கைக்குப் போகப்போகும் நிலத்தை யாராவது வாங்குவார்களா? எரேமியா வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையொப்பம் இடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த நகல் ஒன்று. இரண்டையும் நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் தோட்டமும் வாங்கப்படும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

நகரம் விழுந்தது. மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தச் சிறைவாசக் காலத்தை நோக்கிப் பேசும் ஏசாயாவின் பிற்பகுதி கடவுளை மீண்டும் மீண்டும் 'மீட்பர்' என்ற பட்டத்தால் அழைக்கிறது. விலை பெறாமல் விற்கப்பட்டீர்கள், ஆகவே பணமின்றியே மீட்கப்படுவீர்கள் என்ற கருத்தும் அங்கே வருகிறது. கடன்காரர் எவருக்கும் கடவுள் தம் மக்களை விற்றுவிடவில்லை என்கிறது இன்னொரு பகுதி.

திரும்பி வந்தவர்கள் என்ன செய்தார்கள்? நெகேமியா 5ஆம் அதிகாரம் இதைக் கசப்போடு சொல்கிறது. பஞ்சத்தில் ஏழைகள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தார்கள். அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினார்கள். பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தார்கள். வட்டிக்கு விட்டவர்கள் சொந்த இனத்தாரே. அந்நியரிடம் விற்கப்பட்டவர்களை நாங்கள் மீட்டுக்கொண்டு வர, நீங்கள் உள்ளூரிலேயே அவர்களை விற்கிறீர்களா என்று ஆளுநரான நெகேமியா கடிந்துகொள்கிறார். வயல்களையும் வீடுகளையும் வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்தவர்கள்தாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

உயிரே ஈடு

புதிய ஏற்பாடு திறக்கும்போது யூதேயா ரோமரின் பிடியில் இருக்கிறது. லூக்கா நற்செய்தியில் அன்னாள் என்ற முதிய விதவை, எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்தவர்களிடம் குழந்தை இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். அதே நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் எம்மாவூருக்கு நடந்துபோகும் இரண்டு சீடர்கள், இவரே இஸ்ரவேலை மீட்பார் என்று நம்பியிருந்தோமே என்று புலம்புகிறார்கள். நம்பிக்கையில் தொடங்கி ஏமாற்றம்வரை போகிற சொல் அது. ரோமர் போகவில்லை, சிலுவை வந்தது.

சிலுவையை மீட்பு என்று எப்படிச் சொல்வது? மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம் உயிரைப் பலருக்காக விலையாகக் கொடுக்க வந்ததாகச் சொல்கிறார். கிரேக்க மூலத்தில் 'லூத்ரோன்' என்ற சொல். போர்க்கைதியையோ அடிமையையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகைக்கு அன்றைய உலகில் அதுதான் பெயர். 1871 மொழிபெயர்ப்பு இதை 'மீட்கும் பொருள்' என்றது. பின்னால் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'ஈடு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அடகுக் கடைச் சொல் மறுபடியும் வந்துவிட்டது.

பவுல் இதைச் சந்தை மொழியிலேயே எழுதினார். கிரேக்கத்தில் சந்தைக்கு 'அகோரா' என்று பெயர். அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லால், நீங்கள் விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் என்று கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதுகிறார். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். விடுதலை பெற வாய்ப்பு வந்தால் பயன்படுத்திக்கொள் என்றும், மனிதருக்கு அடிமையாகாதே என்றும் சேர்த்தே சொல்கிறார். ஆனால் தன்னைக் கிறிஸ்துவின் அடிமை என்றும் அழைத்துக்கொள்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பு 'ஊழியக்காரன்' என்று அதை மென்மையாக்கிவிட்டது.

சைவ இலக்கியம் படித்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. பெரிய புராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், உன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த ஆளோலை இது, நீ என் அடிமை என்று வழக்காடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் சபை ஓலை செல்லும் என்று தீர்ப்பளிக்கிறது. வந்தவர் சிவபெருமான். அங்கே அருள் என்பது ஆட்கொள்ளல். அடிமை ஓலைதான் வீட்டுக்கு வழி. வேதாகமத்தில் அருள் என்பது அடிமை ஓலையைக் கிழிப்பதில் தொடங்குகிறது. பவுலின் கடிதத்தில் இரண்டும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. ஆழ்ந்த வைணவக் கல்வியோடு வளர்ந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட காவியத்துக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பெயர். பக்தி இலக்கியத்தின் நடையில் அவர் கிறிஸ்துவைப் பாட முடிந்ததற்கு இந்த நெருக்கம் ஒரு காரணமாக இருக்கலாம்.

விலை கொடுக்கப்பட்டது என்றால், யாருக்கு? இந்தக் கேள்வி திருச்சபையை நெடுங்காலம் அலைக்கழித்தது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன், மனிதரைப் பிடித்து வைத்திருந்த சாத்தானுக்கு என்றார். நான்காம் நூற்றாண்டில் நசியான்சின் கிரகோரி அதை வன்மையாக மறுத்தார். கொள்ளைக்காரனுக்கா விலை கொடுப்பது என்பது அவருடைய வாதம். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கன்டர்பரி பேராயர் அன்சல்ம், பாவத்தால் மனிதன் கடவுளுக்குக் கடன்பட்டான், அந்தக் கடனைக் கடவுளும் மனிதனுமான ஒருவரே தீர்க்க முடியும் என்று எழுதினார். சுவீடனின் குஸ்தாவ் ஆவுலேன் 20ஆம் நூற்றாண்டில் பழைய கருத்தை வேறுவிதமாக எடுத்தார்: இது கொடுக்கல் வாங்கல் அல்ல, தீய சக்திகள் மேல் கிடைத்த வெற்றி. பார்வோனுக்குப் பணம் கொடுக்கப்படவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், விலையைப் பெற்றுக்கொண்டவர் யார் என்று தேடுவதைவிட, கொடுத்தவருக்கு என்ன செலவானது என்று பார்ப்பதே வேதாகமத்தின் போக்குக்கு ஒத்துவருகிறது.

பவுலின் மிகச் சிறிய கடிதம் இதற்கு உதவும். பிலேமோன் என்ற கிறிஸ்தவரின் அடிமை ஒநேசிமு. எசமானைப் பிரிந்து வந்த அவனைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். கையில் கொடுத்த கடிதத்தில், அவனை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள். அவன் பட்ட கடன் ஏதும் இருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்று தம் கைப்பட எழுதுகிறார். பெரிய இறையியல் சொல் எதுவும் இல்லாமலே அந்தக் கடிதம் மீட்பைச் செய்து காட்டுகிறது.

செபராங் பிறையின் கணக்குப் புத்தகம்

வெல்லஸ்லி மாநிலம் என்று முன்பு அழைக்கப்பட்ட செபராங் பிறையில் தமிழர் வரலாறு கடனில் தொடங்கியது. கெப்பாலா பத்தாஸ் அமைந்திருப்பது அதன் வடபகுதியில். 19ஆம் நூற்றாண்டில் இந்த மாநிலத்தில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து ஆட்கள் பினாங்குக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். கப்பல் கட்டணமும் முன்பணமும் அவர்கள் தலையில் கடனாக ஏறின. சஞ்சிக் கூலி என்று மக்கள் பேசிய ஒப்பந்தக் கூலி முறையில் கையொப்பமிட்டவன், அல்லது பெருவிரல் ரேகை வைத்தவன், கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. ஓடினால் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. மலாயாவில் இந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு அதன் பிறகும் தொடர்ந்து 1938இல் முடிவுக்கு வந்தது.

இலங்கை மலையகத் தோட்டங்களில் கங்காணி முறைக்குள் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. வேறு தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால் ஆட்களை அங்கே அனுப்புவார்கள். பார்வைக்கு மீட்பு மாதிரியே இருக்கும்: ஒருவர் பணம் கொடுக்கிறார், பழைய பிடி விடுகிறது. ஆனால் கடன் அழியவில்லை. புதிய துரையின் கணக்கில் ஏறியது. லேவியராகமத்தில் ஆண்டுக்கு ஆண்டு விலை குறைந்தது. துண்டில் தோட்டத்துக்குத் தோட்டம் கடன் வளர்ந்தது. 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது.

மீட்பு ஆத்துமாவுக்கா, உடலுக்கும் நிலத்துக்கும் சேர்த்தா என்ற கேள்வி அதனால்தான் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே வெறும் வேதபாட விவாதமாக இருந்ததில்லை. பாவ மன்னிப்பே மீட்பின் மையம் என்பவர்கள் எபேசியர் கடிதத்தைக் காட்டுகிறார்கள். அங்கே பவுல் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார். உடலின் மீட்புக்காகப் படைப்பு முழுவதும் பிரசவ வேதனையோடு காத்திருக்கிறது என்ற ரோமர் 8ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள் மற்றவர்கள். அர்விந்த் நிர்மல் 1980களில் சென்னையில் தலித் இறையியலை முன்வைத்தபோது உபாகமத்தின் விடுதலை அறிக்கையிலிருந்தே தொடங்கினார். 2000ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாக வைத்து ஏழை நாடுகளின் கடனை நீக்கக் கோரிய உலகளாவிய இயக்கம் லேவியராகமம் 25இலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. 1998இல் பர்மிங்ஹாமில் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து நின்றார்கள். அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் கடன் தள்ளுபடித் திட்டம் விரிவாக்கப்பட்டது.

இந்தியாவில் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமையின் கடன் அந்தக் கணமே அற்றுப்போகும் என்கிறது. முதலாளிக்கு யாரும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ குடும்பங்கள் வெளியே கொண்டுவரப்படும்போது தமிழக நாளிதழ்கள் போடும் தலைப்பு 'கொத்தடிமைகள் மீட்பு' என்பதே. சொல் தன் பழைய வேலையை விடவில்லை.

பினாங்கு மறைமாவட்டத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு மிகப் பழக்கமான இடம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயம். ஜூலை 26இல் வரும் அதன் திருநாளுக்கு எல்லா இனத்தவரும் திரண்டு வருவார்கள். ஆனால் மீட்பைப் பற்றிய வாசகங்களை வரிசையாகக் கேட்க வேண்டுமானால் அதற்குரிய இரவு வேறு. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய சனி இரவு, பாஸ்கா திருவிழிப்பில், விளக்குகளை அணைத்துப் புது நெருப்பு ஏற்றிய பிறகு படைப்பிலிருந்து தொடங்கி ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்கள் வரும். நேரம் கருதிச் சிலவற்றைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அடிமைகள் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை மட்டும் விடக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு விதி.